பெரிய படகா, சின்னப் படகா

ஏரிக்கரையில் அவளுக்கு நங்கூரம் என்று பெயர் வைத்தவன் மீன் எடை போடுகிற ஆள். தராசுத் தட்டில் அவன் விரல் படுகிறது என்பதை ஒரு நாள் அவள் கண்டுபிடித்துவிட்டாள். கத்தவில்லை, திட்டவில்லை. காலிக் கூடை ஒன்றை அவன் எதிரில் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் உட்கார்ந்து, அவன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வருகிற போகிறவர்கள் எல்லாரும் “என்னம்மா விஷயம்?” என்று நின்றார்கள். இவள் வாயைத் திறக்கவில்லை. இவள் எங்கே பார்க்கிறாள் என்று அவர்களும் அவன் விரலைப் பார்க்க ஆரம்பித்தார்கள். வெயில் ஏறுவதற்குள் அவன் ஓய்ந்துபோனான்.

“அம்மா தாயே, உன் மீனைத் திரும்ப எடை போட்டுத் தர்றேன், எந்திரிச்சுப் போ. நீ மனுஷியா, நங்கூரமா?”

பெயர் ஒட்டிக்கொண்டது. அவளும் மறுக்கவில்லை. பிடித்த பிடியை விடாதவள்தான். அப்படிப்பட்டவள், ஒரே ஒரு முறை, தான் பிடித்த பிடியைத் தானே விட்டாள். படகுப் பட்டறையில், இரண்டு அலுமினியப் படகுகளுக்கு நடுவில் நின்றபடி அதை விட்டாள். யார் அதை எப்படி வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும், நடந்தது இதுதான்.

அவள் வீட்டுக்காரர் வலைக்காரர். ஏரியில் வலை போடுகிறவர்கள் எத்தனையோ பேர் உண்டு. ஆனால் வலைக்காரர் என்று மொட்டையாகச் சொன்னால் அவர் ஒருவர்தான். கரையில் அந்த இரண்டு பேரும் போடாத சண்டை கிடையாது. உப்புக்குச் சண்டை, கயிற்றுக்குச் சண்டை, யார் கதவைத் தாழ் போடவில்லை என்பதற்குச் சண்டை. படகில் ஏறிவிட்டால் மட்டும் இரண்டு வாயும் மூடிக்கொள்ளும். முன்னால் அவர் வலையோடு நிற்பார். பின்பலகையில் அவள் உட்கார்ந்து துடுப்புப் போடுவாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவருடைய முதுகைப் பார்த்தே தொழில் செய்தவள். வலது தோள் இறங்கினால் வலப்பக்கம் திருப்ப வேண்டும். குதிகால் உயர்ந்தால் நிறுத்த வேண்டும். கழுத்து முன்னால் நீண்டால் ஏதோ தெரிகிறது, மூச்சுவிடாமல் போக வேண்டும். அவருக்கோ அவள் முகம் தேவைப்பட்டதே இல்லை. படகு நகருகிற விதத்திலேயே பின்னால் இருக்கிறவளுக்குத் தலைவலியா, தூக்கக் கலக்கமா, கோபமா என்று தெரிந்துவிடும். “என்னடி, காலையிலேயே முறுக்கிக்கிட்டு வர்றே?” என்று எப்போதாவது ஒரு வார்த்தை வரும். அதுவும் திரும்பிப் பார்க்காமல்தான்.

அவர்கள் இரண்டு பேருக்கும் ஒரு பெருமை இருந்தது. கிழக்குக் கரையோரம் தண்ணீர் மார்பளவுதான். அடியில் பழைய மரத்தூர்கள் நிறைய உண்டு, வலை அதில் மாட்டிக்கொள்ளும். மற்றவர்கள் கத்தி எடுத்து வலையை அறுப்பார்கள், இல்லையென்றால் கழியை விட்டுக் குத்துவார்கள். வலைக்காரர் அப்படியே வலது விளிம்பில் காலை வைத்துத் தண்ணீரில் இறங்கிவிடுவார். ஓர் ஆளின் பாரம் ஒரு விளிம்பில் விழுந்தால் மரப்படகு கவிழ வேண்டும். கவிழாது. அவர் கால் விளிம்பைத் தொடுகிற அதே நொடியில் அவள் பலகையில் சறுக்கிக்கொண்டு இடது விளிம்புக்குப் போயிருப்பாள். இறங்கப் போகிறேன் என்று அவரும் சொன்னதில்லை, இறங்குங்கள் என்று அவளும் சொன்னதில்லை. அவர் திரும்ப ஏறும்போதும் அதே கதை. ஒரு கையளவு தண்ணீர்கூட உள்ளே வராது. பக்கத்துப் படகில் இருக்கிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டு அதை வேடிக்கை பார்த்ததுண்டு.

மறதி முதலில் வலையில்தான் தலை காட்டியது. ஈயக்குண்டுப் பக்கத்தையும் மிதவைப் பக்கத்தையும் ஒன்றாகப் போட்டுச் சுருட்டி வைத்திருந்தார். வேறு யாராவது அப்படிச் சுருட்டியிருந்தால் அவர்கள் பரம்பரையையே இழுத்துத் திட்டியிருப்பார். அவர் குளிக்கப் போன நேரத்தில் அவள் அதைப் பிரித்துச் சரியாகச் சுருட்டி வைத்தாள். பிறகு வேறு யாருடைய துறையிலோ படகை ஒதுக்கச் சொன்னார். பிறகு மகளின் பெயர் வாயில் வர மறுத்தது. மருத்துவர் தலையைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, “இது திரும்பி வராதும்மா. கொஞ்சம் கொஞ்சமா போகும். நீங்க பக்கத்துலயே இருந்து பார்த்துக்கங்க” என்றார்.

“பக்கத்துலதானே இருக்கேன், நான் எங்க போனேன்?” என்று மருத்துவரிடமே எரிந்து விழுந்தாள் அவள்.

ஒரு நாள் காலையில் டீ கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் நாற்காலியை விட்டு எழுந்து நின்று, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

“உங்களுக்கு எதுக்கும்மா சிரமம்? என் வீட்டுக்காரி வந்தா போட்டுத் தருவா.”

அத்தனை வருடத்தில் அவர் அவளை ஏய் என்று கூப்பிட்டிருக்கிறார், அடியே என்று கூப்பிட்டிருக்கிறார். கோபம் வந்தால் கழுதை என்பார். ஆசை வந்தாலும் அதே கழுதைதான், குரல் மட்டும் மாறும். நீங்க என்று ஒரு நாளும் சொன்னதில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பாள். மரியாதை கொடுக்கிற மனுஷனை என்ன செய்வது? சுவரில் சாய்ந்துகொண்டு நின்றாள்.

“என்னை ஏய்னு கூப்பிடுங்க” என்றாள்.

“சேச்சே, என்னம்மா நீங்க. அடுத்த வீட்டுப் பொம்பளையை அப்படிக் கூப்பிடலாமா? அவ காதுல விழுந்தா என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவா.”

ஆனாலும் ஓர் இடம் மிச்சமிருந்தது. மரப்படகு.

ஏறும்போது தகராறு செய்வார். “பின்பலகையில உக்காராதீங்கம்மா, அது அவ இடம்” என்று குறுக்கே நிற்பார். “அவதாங்க அனுப்பிச்சா, இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும்” என்று பொய் சொல்லி உட்காருவாள். அவர் அரைமனதாக முன்னால் போய் நின்று முதுகைத் திருப்பிக்கொள்வார். அவள் துடுப்பைப் போடுவாள். கரை விலகும். இன்னும் சில முறை துடுப்பு விழும். அவர் தோள் மெல்லத் தளரும்.

“எப்ப வந்தே? பார்க்கவேயில்ல” என்பார், திரும்பாமலே. “துடுப்பை ஓரமா வாங்குடி. நடுவுல காத்து அடிக்குது.”

முகம் மறந்துபோன மனுஷனுக்கு அவள் துடுப்பு மறக்கவில்லை. அந்த முதுகுக்குப் பின்னால் அவள் பழையபடி ‘டி’யாக இருந்தாள். கரைக்கு வந்து அவர் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தால் மறுபடி நீங்க.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. பெற்ற மகளிடம்கூடச் சொல்லவில்லை. படகுக்குள் மட்டும்தான் இப்போது நான் அவர் பெண்டாட்டி என்று ஒருத்தி எப்படி வாய்விட்டுச் சொல்வாள்?

அந்தப் படகும் இற்றுப்போயிற்று. தச்சர் வந்து அடிப்பலகையில் விரலால் குத்தினார். விரல் உள்ளே போய்விட்டது. “இதுக்கு மேல ஒட்டுப் போட்டா ஒட்டுதான் மிதக்கும், படகு மிதக்காது” என்று சொல்லிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போனார். படகைக் கரையில் கவிழ்த்துப் போட்டார்கள். அவள் ஊரார் வலைகளை வாங்கி வீட்டில் உட்கார்ந்து கிழிசல் தைத்தாள். அவர் எதிரில் உட்கார்ந்து, “நல்லா தைக்கறீங்கம்மா” என்று மரியாதையாகப் பாராட்டினார். காலையில் நீங்க, மத்தியானம் நீங்க, தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டாலும் நீங்க. அந்த நாட்கள் எப்படிப் போயின என்று அவளைக் கேட்கக் கூடாது.

அதனால் பட்டறைக்குப் புறப்பட்ட அன்றே அவள் மனசுக்குள் முடிவு பண்ணிவிட்டாள். எந்தப் படகில் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறதோ அந்தப் படகு.

பட்டறையில் விற்பனைக்கு இருந்தவை இரண்டுதான். இரண்டும் மரச்சட்டங்களின் மேல் அருகருகே உட்கார்ந்திருந்தன. பெரியது பதினாறடி. அகலமான அடிப்பாகம், மூன்று குறுக்குப் பலகை, முன்னால் ஓர் ஆள் நிம்மதியாக நின்று வலை வீசுகிற அளவுக்குத் தட்டையான மேடை. ஆனால் கனம். கரையில் இழுத்து ஏற்ற இரண்டு பேர் வேண்டும். சின்னது பன்னிரண்டடி. நடுவில் உட்கார்ந்து இரண்டு கையாலும் இரண்டு துடுப்பை வலிக்கிற மாதிரி இரண்டு விளிம்பிலும் வளையம் வைத்திருந்தார்கள். ஒற்றை ஆளாக இழுத்துவிடலாம். ஆனால் அதில் இன்னோர் ஆள் எழுந்து நின்றால் தொட்டில் மாதிரி ஆடும்.

வலைக்காரரோடு மகளும் கூட வந்திருந்தாள். தையல் கம்பெனியில் சாயங்கால ஷிப்டில் வேலை செய்கிறவள். இரண்டு தெரு தள்ளி வீடு. அம்மாவின் பிடிவாதத்தில் பாதி அவளுக்கும் வந்திருந்தது.

“சின்னதை வாங்கும்மா. காலையில நான் வந்து அப்பாவைப் பார்த்துக்கறேன், நீ போய்ட்டு வந்துடு.”

“பெரிசு.”

“யாரு இழுத்து ஏத்துவாங்க?”

“உங்க அப்பாவுக்கு என்ன, கை விழுந்துடுச்சா? இப்பவும் ரெண்டு ஆள் பலம் இருக்கு.”

“கை இருக்கும்மா...” மகள் அப்பாவை ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். பிறகு தாழ்ந்த குரலில், “அவரை எப்படிம்மா தண்ணிக்குக் கூட்டிட்டுப் போவே? போன வாரம் குளியலறைக்கு வழி தெரியாம சமையலறையில நின்னுக்கிட்டிருந்தாரு. வீம்புக்கு வாங்காதே” என்றாள்.

“என் வீம்பு எனக்குத் தெரியும். நீ சும்மா இரு.”

பட்டறைக்காரர், வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு மேலே தள்ளிவிட்டுக்கொண்டு, இந்தச் சண்டையில் எந்தப் பக்கம் சாய்ந்தால் லாபம் என்று தெரியாமல் இரண்டு படகையும் மாறி மாறித் துணியால் துடைத்தார். வலைக்காரர் பெரிய படகை ஒரு சுற்று வந்தார். தகடுகளைப் பற்றவைத்த இணைப்புகளைத் தடவிப் பார்த்தார். விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார்.

“நல்ல சாமான்” என்றார். “என் வீட்டுக்காரிக்கு ஒரு தடவை காட்டணும். அவ பார்க்காம வாங்கினேன்னு வைங்க, சாகற வரைக்கும் சொல்லிக் காட்டுவா.”

பட்டறைக்காரர் அவளைப் பார்த்தார். அவள் படகைப் பார்த்தாள்.

“காட்டலாம்” என்றாள். “முதல்ல தண்ணியில விடுங்க.”

பட்டறைக்குப் பின்னால், ஏரியிலிருந்து வாய்க்கால் மாதிரி வெட்டி உள்ளே கொண்டுவந்த ஒரு துறை இருந்தது. பெரிய படகுகளை இறக்குவதற்காக இயந்திரம் வைத்து ஆழமாகத் தோண்டியிருந்தார்கள். ஓரமாகப் பலகை மேடை. அவள் தங்கள் வலையை மூட்டையாகக் கட்டிக் கொண்டுவந்திருந்தாள், புதுப் படகில் அது எப்படி அடங்குகிறது என்று பார்ப்பதற்காக. அலுமினியத் தரையில் ஈயக்குண்டு பட்டால் கடகடவென்று சத்தம் வரும், மீன் காத தூரம் ஓடிவிடும். அதனால் பழைய சாக்கு ஒன்றையும் கொண்டுவந்து, முதலில் அதை விரித்து, அதன் மேல் வலையை வைத்தாள்.

ஏறும்போது வழக்கமான தகராறு நடந்தது.

“அந்தப் பின்பலகையில...”

“தெரியும், அவ இடம். அவதான் அனுப்பிச்சா.”

“இன்னிக்கு மட்டும்தானே?”

“இன்னிக்கு மட்டும்தான்.”

அவர் முன்னால் போய் நின்றார். அலுமினியம் மரம் மாதிரி இல்லை. துடுப்பு போட்டால் உடனே துள்ளிக்கொண்டு ஓடப் பார்த்தது. கை புதிதாகப் பழக வேண்டியிருந்தது. மூன்று முறை போட்டாள், நான்கு முறை போட்டாள். அந்த முதுகு அப்படியே விறைப்பாக, அந்நிய முதுகாகவே நின்றது. படகு மாறியதில் இதுவும் போய்விட்டதா? மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவசரப்படாமல், தண்ணீரை வழிக்கிற மாதிரி மெல்ல ஓர் இழுப்பு இழுத்தாள்.

தோள் தளர்ந்தது.

“ஏய்” என்றார் அவர். “இது யாரு படகு?”

அவள் இன்னும் ஓர் இழுப்பு இழுத்தாள். “நம்மளதுதாங்க” என்றாள்.

“என்கிட்ட சொல்லாமலே வாங்கிட்டியா? கழுதை.” குரலில் சிரிப்பு இருந்தது. “நல்லாத்தான் இருக்கு. துடுப்பை வாங்கு, அந்தப் பக்கம் வாங்குடி.”

துறை மேடையில் நின்ற மகளுக்கு அது கேட்டது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அப்பா அம்மாவை டி போட்டுக் கூப்பிடுகிறார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே பலகையில் உட்கார்ந்துவிட்டாள். பெரிசு, பெரிசு என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றது எதற்காக என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

துறையின் நடுவுக்கு வந்ததும் அவர் வலையைக் கையில் எடுத்தார். யாரும் எடுக்கச் சொல்லவில்லை. நிற்கிற கை சும்மா இருக்காது. கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் விட்டார். ஈயக்குண்டுகள் ஒவ்வொன்றாக விளிம்பு தாண்டி இறங்கின. அவர் முகம் எப்படி இருந்தது என்று அவளுக்குத் தெரியாது. முதுகு சந்தோஷமாக இருந்தது. அது போதும் அவளுக்கு. இந்தப் படகுதான், இன்றைக்கே, என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

வலை எதிலோ மாட்டியது. பழைய கம்பமோ என்னவோ, அடியில் கிடந்தது. அவர் இழுத்தார். வரவில்லை. இழுத்துக்கொண்டே வலது விளிம்போரமாகப் பின்வாங்கி, நடுப்பலகை வரைக்கும் வந்துவிட்டார். அவளுக்கு வெகு அருகில். கையை நீட்டினால் சட்டையைப் பிடித்துவிடலாம்.

அந்த முதுகு லேசாகக் குனிந்து, ஒரு பக்கம் இறங்கியது.

இனி வருவது கண் இமைக்கிற நேரம்தான். அவர் வலது காலைத் தூக்கி விளிம்பில் வைத்தார். அவள் பலகையில் சறுக்கிக்கொண்டு இடது விளிம்புக்குப் போனாள்.

நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஐயோ என்று கத்தவில்லை. கையை நீட்டவில்லை. இடது விளிம்புக்குப் போனாள். அத்தனை வருடம் எத்தனை முறை போனாளோ அதே மாதிரி, அதே நொடியில், ஒரு மயிரிழை பிசகாமல் போனாள். அவர் இறங்கினார். படகு ஆடவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை.

கிழக்குக் கரையாக இருந்திருந்தால் மார்பளவு தண்ணீரில் நின்று, குனிந்து வலையை விடுவித்துக்கொண்டிருப்பார். இது இயந்திரம் தோண்டிய ஆழம். அவர் தலை தண்ணீருக்குள் போயிற்று, வரவில்லை. வலையும் அவர் பின்னாலேயே சரசரவென்று இறங்கியது. அவள் இடது விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவர் ஏறுவதற்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். படகைச் சமமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மகளின் அலறல் காதில் விழுந்த பிறகுதான் எங்கே இருக்கிறோம் என்பதே அவளுக்கு உறைத்தது.

பட்டறைக்காரர் கண்ணாடியோடு குதித்தார். மனுஷன் நல்லவர். வலை வலைக்காரரின் காலைச் சுற்றியிருந்தது. முதல் முறை வெறுங்கையோடு மேலே வந்தார். மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி போனார். அதற்குள் அவளும் பாய்ந்து விளிம்பில் கவிழ்ந்து, கைக்கு வந்த வலையையெல்லாம் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள், அது அவரை மேலே கொண்டுவருமா இன்னும் இறுக்குமா என்று தெரியாமலே. இரண்டாம் முறை பட்டறைக்காரர் அவரைத் தோளோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்தார்.

மேடையில் குப்புறப் போட்டு முதுகில் தட்டினார்கள். தண்ணீர் வந்தது, இருமல் வந்தது, பிறகு மூச்சு வந்தது. கண்ணைத் திறந்தவர் முதலில் துறையைத்தான் பார்த்தார். தடுமாறி எழுந்து தண்ணீரை நோக்கிப் போகப் பார்த்தார். மகள் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

“விடும்மா, விடும்மா! அவ உள்ள இருக்கா. என் வீட்டுக்காரி. பின்னாடி உக்காந்திருந்தா. அவளும் விழுந்துட்டா, பாருங்கய்யா யாராவது!”

அவள் படகை மேடையோரம் கொண்டுவந்து இறங்கி, அவர் முன்னால் போய் நின்றாள். வலையை இழுத்ததில் முன்பக்கமெல்லாம் நனைந்து, கையில் நூல் கிழித்த ரத்தத்தோடு, முகத்துக்கு நேராக நின்றாள்.

“நான் இங்க இருக்கேங்க. எனக்கு ஒண்ணும் ஆகல. இங்க பாருங்க, நான்தான்.”

அவர் பார்த்தார். தலையிலிருந்து கால் வரைக்கும் நன்றாகப் பார்த்தார்.

“நீங்க இல்லம்மா” என்றார், கெஞ்சுகிற குரலில். “உங்களைச் சொல்லல. அவளைப் பார்க்கச் சொல்லுங்க.”

அவரைச் சமாதானப்படுத்த வெகுநேரம் ஆயிற்று. வீட்டுக்காரி முன்னாலேயே கரை ஏறி வீட்டுக்குப் போய்விட்டாள், ஈரத்துணி மாற்றப் போயிருக்கிறாள் என்று பட்டறைக்காரர்தான் ஒரு பொய்யைச் சொல்லி, தன் சட்டையை அவருக்குப் போட்டுவிட்டு, உள்ளே கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தார். வெளியே அம்மாவும் மகளும் மட்டும் நின்றார்கள். பெரிய படகு யாரும் இல்லாமல் துறையில் மிதந்துகொண்டிருந்தது.

“சின்னதை எடுத்து வைக்கச் சொல்லு” என்றாள் அவள்.

மகள் திடுக்கிட்டுப் பார்த்தாள். “அம்மா, வேண்டாம். பெரிசையே வாங்கு. நான் தெரியாம பேசிட்டேன். அப்பா உன்னை டின்னு கூப்பிட்டாரேம்மா! எனக்குக் கேட்டுச்சு. மிதவைச் சட்டை போட்டுவிடலாம். இடுப்புல கயிறு கட்டலாம். நான்கூட வேலையை விட்டுட்டு உங்களோட வர்றேன்.”

“வலை காலைச் சுத்தினா மிதவைச் சட்டை என்ன பண்ணும்? கயிறு கட்டறதுக்கு அவர் என்ன கன்னுக்குட்டியா?”

“அப்ப ஆழமில்லாத தண்ணியில மட்டும்...”

“என் கை பிடிக்கலடி.”

மகள் அம்மாவின் கையைப் பார்த்தாள்.

“இவ்வளவு கிட்டத்துல இருந்தாரு. சட்டை என் மூக்குல உரசுது. பிடிக்கணும்னு தோணவே இல்ல. உடம்பு தானா அந்தப் பக்கம் போயிடுச்சு. மனுஷன் முங்கிட்டாரு, நான் படகு ஆடாம பார்த்துக்கிட்டிருக்கேன்.”

“அது பழக்கம்மா. உன் மேல தப்பு இல்ல.”

“தப்புன்னு யாரு சொன்னா? அந்தப் பழக்கத்தை நான் எங்க கழட்டி வைக்கிறது, சொல்லு. நாளைக்கும் அவர் கால் வைப்பாரு. நாளைக்கும் நான் அந்தப் பக்கம்தான் போவேன். அவருக்கு எல்லாம் மறந்துடுச்சு, அது மறக்கல. எனக்கும் மறக்காது.” திரும்பிப் பெரிய படகைப் பார்த்தாள். “நான் பின்னாடி உக்கார்ற வரைக்கும் அவருக்குத் தைரியம். இறங்கிடுவாரு. சின்னதுதான்.”

மகள் அழுதாள், கெஞ்சினாள், கடைசியில் கோபம்கூடப் பட்டாள். காலையில் எதற்கு அவ்வளவு சண்டை போட்டாளோ அதையே இப்போது அம்மா கொடுக்கிறாள், வாங்கிக்கொள்ள அவளுக்குக் கை வரவில்லை. அம்மாவோ அசையவில்லை. பெரிய படகைத் தண்ணீரிலிருந்து இழுத்து ஏற்றும்போது ஒரு கை அவளும் கொடுத்தாள். சாக்கை உதறி மடித்தாள். வலையில் அறுந்தது போக மிச்சத்தைச் சுருட்டினாள், ஈயக்குண்டு ஒரு பக்கம், மிதவை ஒரு பக்கம்.

அந்தச் சின்னப் படகு தண்ணீரில் இறங்கிய முதல் நாள் அப்போதுதான் பொழுது விடிந்திருந்தது. மகள் சொன்னபடி வந்துவிட்டாள். வீட்டிலேயே அவரை வைத்துக்கொள் என்று அம்மா சொல்லியிருந்தாள். ஆனால் அவர் சத்தம் கேட்டு எழுந்து, செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு, மகளின் கையைப் பிடித்தபடி கரைக்கே வந்துவிட்டார். படகைத் தள்ளும்போது உதவிக்கும் வந்தார்.

“கொஞ்சம் இருங்கம்மா, ஒரு கை பிடிக்கறேன்.”

“வேண்டாங்க. நானே தள்ளிடுவேன்.”

தள்ளினாள். ஏறி நடுப்பலகையில் உட்கார்ந்து, இரண்டு துடுப்பையும் வளையத்தில் மாட்டினாள். இந்த மாதிரிப் படகில் இன்னொரு சங்கடம் உண்டு, அது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இரண்டு துடுப்பையும் வலிக்க வேண்டுமென்றால் போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். கரையைப் பார்த்தபடியேதான் கரையை விட்டுப் போக முடியும். அத்தனை வருடமும் முதுகைப் பார்த்துத் துடுப்புப் போட்டவள், இப்போது முகத்தைப் பார்த்துக்கொண்டு போனாள். வலது கைக்குப் பலம் அதிகம், அதனால் படகு ஒரு பக்கமாகவே இழுத்தது. திருத்தித் திருத்திப் போனாள்.

காலை நேரத்துத் தண்ணீர் குரலைக் கொண்டுவரும். அவர் மகளிடம் பேசியது அவளுக்குத் தெளிவாகக் கேட்டது.

“பாவம்மா, அந்தம்மா தனியாப் போறாங்களே. அவங்களுக்கு யாரும் இல்லையா?”

மகள் என்ன பதில் சொன்னாள் என்பது கேட்கவில்லை. ஏதாவது சொன்னாளா என்பதும் தெரியவில்லை. அவர் மட்டும் அந்நியருக்குக் காட்டுகிற மாதிரி, பணிவாக, ஒரு கையை உயர்த்திக் காட்டினார். அவளால் திருப்பிக் காட்ட முடியவில்லை. இரண்டு கையிலும் துடுப்பு இருந்தது.